வாராதார் வாக்கு

வென்ற கட்சிகளின் வரலாற்றினும் சிறு கட்சிகளின் வாக்குக் கணக்கு நம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்ப்பதுண்டு. பிரிட்டனில் 1982-ஆம் ஆண்டு தோன்றிய பிரிட்டிஷ் தேசியக் கட்சி, வெள்ளையரல்லாதாரை அந்நாட்டினின்று அகற்ற விழைந்தது. ஆங்கு வாழும் தமிழரும் அவருள் அடங்குவராதலின், அக்கட்சியின் கணக்கை நாம் கருத்தூன்றிப் பார்த்தோம்.

1993-இல் லண்டன் மாநகரின் மில்வால் வட்டாரத்தில் 7 வாக்கு மிகுதியால் அதன் அபேட்சகர் நகரசபை புகுந்தார். மறு ஆண்டு அவர் பெற்ற வாக்கு முன்னினும் கூடியது, எனினும் தோற்றார். மக்கள் திரண்டு வந்து வாக்களித்தமையே காரணம். 2004-இல் ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில், வடமேற்கு இங்கிலாந்தில் 1,34,959 வாக்குப் பெற்றும் கட்சித் தலைவர் நிக் கிரிஃபின் தோற்றார். 2009-இல் 1,32,094 வாக்கே பெற்று வென்றார். இம்முறை பிறர் பலர் வாக்களியாது வீட்டிலிருந்தமையால், குறைந்த தொகையே மிகுந்த பங்காயிற்று.

2010 பொதுத்தேர்தலில் 338 பேரை நிறுத்தியும் அக்கட்சிக்கு ஓரிடமும் கிட்டவில்லை. 2015-இல் அதன் அபேட்சகர் எண்மரும் சேர்ந்து பெற்றவை 1,667 வாக்கே. ஆயினும் நாம் முற்றும் ஆறுதல் கொள்ளோம். பகைமை வளர்ப்போரின் வலிமையினும் நல்லோரின் சோம்பலன்றோ அவர்க்கு ஏணியாயிற்று? அன்பர்களே, வாக்குச் சாவடிக்குச் செல்லாதவனும் எவர்க்கோ வாக்களித்தவனே ஆகின்றான்.