நாலரை மணி நேரம்

உலகம் சுருங்கிவிட்டது என்று உரைப்பது இக்காலத்து வழக்கு. அவ்வுரையை ஐயுறாது நம்பியிருந்த எமக்கு ஓர் இரவு கற்பித்த பாடத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எம் ஊர் திருபுவனை; புதுச்சேரியினின்று விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. பிரெஞ்சு ஆட்சியின் தொடர்பால் புதுவை வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றிற்குப் பாரிஸ் மாநகரில் உறவினர் உளர். எம் சிறிய தந்தையாரும் அங்கு வாழ்பவரே. சென்னைக்கும் பாரிசுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். சூயெஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்படுமுன் பிரான்சு தேசம் செல்வோர் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கடலில் மிதந்தனர். திறந்த பின்னரும் வாரக்கணக்காயிற்று. இடைநில்லாது பறக்கும் விமானத்திற்கோ 10 மணி நேரமே போதுமானது.

யாம் பள்ளியிறுதி வகுப்பில் பயின்ற ஆண்டு, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குச் சிறிய தந்தையார் வருவதாயிற்று. பாரிசிலிருந்து காலை 10.30 மணிக்குப் புறப்பாடு. “எப்பொழுது வந்து சேர்வான்?” என்று பாட்டியார் வினவினார். யாம் கணமும் தாழாது, பறக்கும் நேரம் 10 மணி, இறங்கி வெளிவரவும் சாலையில் 150 கிலோமீட்டர் கடக்கவும் 4 மணி எனக் கூட்டி, “இரவு 12.30-க்கு வாயிலில் நிற்பார், ஆயா” என்றோம்.

தந்தையார் வண்டியுடன் சென்னை சென்றார். இரவு ஒன்பது மணியளவில் தொலைபேசியில், “விமானம் ஒரு மணிக்குத்தானாமே!” என்றார். அப்பொழுதே எம் பிழை எமக்குப் புலனாயிற்று. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கின்றது. இந்திய நேரம் கிழக்கு 82½ பாகைக்கும், பிரான்சின் குளிர்கால நேரம் கிழக்கு 15 பாகைக்கும் உரியன. இடைப்பட்ட 67½ பாகைக்கு நாலரை மணி. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுதலின் மூன்றரையே. புவியியல் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்ற யாம் அந்த நாலரை மணியைக் கூட்ட மறந்தோம்.

மறதியினும் பெரிய குற்றம் அதன்பின் நிகழ்ந்தது. பிழையை ஒப்புக்கொள்ள நாணி, “விமானம் தாமதமாம், ஆயா” என்று கூறிவிட்டோம்.

பாட்டியார் மறுமொழி பகரவில்லை. இரவு உணவையும் தொடவில்லை. மார்கழிப் பனியில், ஜெபமாலையும் கையுமாகத் திண்ணையில் அமர்ந்தார். உள்ளே வருமாறு பன்முறை அழைத்தும் எழுந்திலர். விடியற்காலை 5 மணிக்கு வண்டி வந்து நின்றபொழுதுதான் அவர் விரல்கள் ஓய்ந்தன.

அன்று பகல் உண்மையைச் சொல்லி மன்னிப்பு வேண்டினோம். அவர் சினந்தாரில்லை. “கணக்குத் தப்பினால் அழித்து எழுதலாம், அப்பா. என் தகப்பனார் சொல்தாவாகச் சைகோனுக்குக் கப்பலேறினார். திரும்பும் கப்பல் தாமதம் என்றே எங்கள் அம்மாவுக்கு நெடுநாள் சொல்லிவந்தார்கள். அவர் வரவேயில்லை” என்றார்.

விமானத்தில் இருந்தவருக்கு அவ்வழி 10 மணி நேரமே. திண்ணையில் இருந்தவருக்கு அது எத்துணை நீண்டது என்பதை எந்த அட்டவணையும் கூறாது. அவ்விரவில் அவரை வாட்டியது பூமியின் சுழற்சியன்று, எம் பொய்யே. இப்பொழுதும் எவரேனும் வருகை நேரம் வினவின், இருமுறை கணக்கிட்ட பின்னரே விடை கூறுகின்றோம். தவறின், தவறினோம் என்றே கூறுகின்றோம்.