மூணு ஓ.டி.பி... ஒரு வாஷிங் மெஷின்! - கையெழுத்துக்கு முன் ஓர் அம்மா கேட்காமல் விட்ட கேள்வி

அந்த அம்மாவுக்கு வயது 52. மதுரையில் ஓர் அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையலர். வருஷக்கணக்காகத் தண்ணீரில் புழங்கி, விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. 'இனிமே கையால துணி துவைக்காதீங்க' என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான், ஆடித் தள்ளுபடியில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கக் கிளம்பினார்.

விலை 24,000 ரூபாய். "முன்பணம் வேணாம், வட்டியும் கிடையாது. மாசம் ரெண்டாயிரம், பன்னெண்டு மாசம். அவ்வளவுதாம்மா" என்றார் கடைப் பையன். நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீயும் வரவழைத்துக் கொடுத்தார்.

ஆதார், பான் கார்டு, பாஸ்புக் எல்லாம் கைமாறின. அம்மாவின் போனுக்கு மூன்று முறை ஓ.டி.பி. வந்தது. கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்ததால், போனை அப்படியே நீட்டினார். மூன்றையும் பையனே பார்த்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் டேப் திரையில் விரலால் ஒரு கையெழுத்து. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அடுத்த மாதம் 5-ம் தேதி, வங்கிக் கணக்கிலிருந்து 2,450 ரூபாய் போயிருந்தது.

450 ரூபாய்தானே என்று தோன்றலாம். அந்த வீட்டில் அது பாதி கேஸ் சிலிண்டர். 12 மாதத்துக்கு 5,400 ரூபாய்.

கடைக்குப் போய்க் கேட்டார். "நீங்க ஓ.டி.பி. கொடுத்துத்தானம்மா போட்டோம்" என்று பதில் வந்தது. அது பொய் இல்லை. அதனாலேயே அவரால் ஒன்றும் பேச முடியவில்லை. பத்து நாள் மகளிடமும் சொல்லவில்லை. காலேஜ் படிக்கிற பிள்ளை, 'படிக்காம எப்படிம்மா கையெழுத்துப் போட்டே?' என்று கேட்டுவிட்டால்?

மகள் அப்படிக் கேட்கவில்லை. எஸ்.எம்.எஸ்-ஸில் வந்திருந்த லிங்க்கைத் திறந்து, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். மொத்தம் 19 பக்கம், எல்லாம் ஆங்கிலம். நான்காவது பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை. மெஷின் 24,000, கூடுதல் வாரன்டி 3,900, காப்பீடு 1,500. கூட்டினால் 29,400. பன்னிரண்டால் வகுத்தால் 2,450. ஒளிவுமறைவே இல்லை. எல்லாம் எழுதித்தான் இருந்தது!

எழுதிக் கேட்டால் காப்பீட்டை ரத்து செய்யலாம் என்றும் அதிலேயே இருந்தது. மகள் எழுதிக் கொடுக்க, அந்தப் பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது. வாரன்டி பணம் வரவில்லை. 'பில் போட்ட பின் ரத்து இல்லை' என்று அதே ஆவணம் சொன்னது.

சட்டம் யார் பக்கம்?

படிக்காமல் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான். 1996-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இது. கூரியரில் கொடுத்த கவர் போய்ச் சேராததால், ஓர் ஆடை நிறுவனம் லட்சக்கணக்கில் நஷ்டஈடு கேட்டது. கையெழுத்திட்ட ரசீதிலோ, 100 டாலருக்கு மேல் பொறுப்பில்லை என்று இருந்தது. 100 டாலர்தான் கிடைத்தது.

இன்றைக்குப் பாதுகாப்பு கூடியிருக்கிறது. 'ஜீரோ வட்டி' என்று ஒன்று கிடையவே கிடையாது என்று 2013-லேயே வங்கிகளுக்குச் சொன்னது ரிசர்வ் வங்கி. 2024 அக்டோபர் முதல், தனிநபர்களுக்கான கடன்களுக்கு 'முக்கியத் தகவல் அறிக்கை' தர வேண்டும். வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும். வாயால் விளக்கவும் வேண்டும். ஒரு வாரமோ அதற்கு மேலோ ஓடும் கடன் என்றால், அதைப் பார்த்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள்கள் உண்டு. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை எதிர்க்க, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது.

ஆனால், இதில் எதுவும் தானாக வந்து கடையில் உட்காராது. 'அந்த அறிக்கையைக் கொடுங்க' என்று கேட்க வேண்டியவர் வாங்குபவர்தான்.

அந்த அம்மா ஏன் கேட்கவில்லை? சோம்பேறித்தனம் இல்லை. கடைசி ரூபாய் வரை கணக்குப் பார்த்து அரிசி, பருப்பு வாங்குகிறவர் அவர். டீ வாங்கிக் கொடுத்த பையனிடம் கேள்வி கேட்கக் கூச்சம். பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். 'நம்பலையா?' என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம். கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற நாம், காகிதத்தை மட்டும் திருப்பிப் பார்க்கக் கூச்சப்படுகிறோம். படித்துப் பார்ப்பது யாரையும் அவமதிப்பது ஆகாது.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது, அந்த அம்மாவும் துணைக்குப் போனார். டேப்பை நீட்டி, "இங்க ஒரு சைன் மட்டும்" என்றார் கடைக்காரர்.

அம்மா கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தமிழ்ல இருக்கிறதைக் கொடுங்க தம்பி. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு, நாளைக்கு வர்றோம்."