இணையத்தளத்திற் காசு வாங்கும் வகை

அறப்பணிக்குப் பணம் திரட்டுதல் ஒரு வேலை; திரட்டிய பணத்தைச் சேதமின்றி உரியவரிடம் சேர்ப்பித்தல் மற்றொரு வேலை. முன்னதைப் பற்றிப் பேசுவோர் பலர். பின்னதைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. எம் கல்லூரிப் பழைய மாணவர் சிலர் கூடி, வறிய மாணவர்க்குப் புலமைப் பரிசில் வழங்கும் நிதியொன்றின் பொருட்டுச் சிறிய இணையத்தளம் அமைத்தபோது, தளத்தின் தோற்றம், படங்கள், வாசகங்கள் ஆகியவற்றைப் பற்றி இரண்டு கூட்டங்களில் முடிவு கண்டோம். காசு வாங்கும் வழியைப் பற்றி முடிவு காண ஏழு கூட்டங்கள் வேண்டியிருந்தன. அக்கூட்டங்களிலே நாம் அறிந்தவற்றை இம்மலரில் எடுத்துரைத்தல், இவ்வகை முயற்சியில் இறங்கும் ஏனைய சங்கத்தார்க்கும், சிறு தொழிலொன்றை இணையத்தில் நடத்த விரும்பும் இளைஞர்க்கும் பயன்படும் என நம்புகின்றோம்.

தூரத்திலிருந்து பணம் அனுப்புதல் எம்மவர்க்குப் புதியதன்று. கொழும்புச் செட்டியார் தெருவிலே நாட்டுக்கோட்டைச் செட்டிமார் உண்டியல் எழுதிய காலம் ஒன்றிருந்தது. மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தார் மாதந்தோறும் ஊருக்குக் காசுக்கட்டளை அனுப்பினர். யாழ்ப்பாணத்து வாழ்வை ‘மணியோடர்ப் பொருளாதாரம்’ எனக் குறிக்கும் வழக்கும் அதனாலேயே எழுந்தது. தபாற்கந்தோரும் தரகு எடுக்கவே செய்தது. ஆயினும் அத்தரகை அனுப்புவோர் தம் கையாலேயே எண்ணிக் கொடுத்தனர். இன்றைய இணையச் சேவையிலோ தரகு கண்ணுக்குப் புலப்படாமற் கழிகின்றது. கொடுத்தவர், தாம் கொடுத்தது முழுவதும் மாணவனைச் சேர்ந்ததென்றே எண்ணுகின்றார். புலப்படாத இக்கழிவை எண்ணிப் பார்த்தல் சேவையைத் தெரிவோர் கடமையாகும்.

எனினும் தரகுக்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. இச்சேவை எம் நாட்டிலே பதிவுபெற்ற சங்கத்துக்குப் பணம் பெறும் உரிமையைத் தருமா என்பதே அது. 1998 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றிய பேபால் உலகறிந்த சேவை. ஆயின் இலங்கையிற் கணக்கு வைத்திருந்தோர் நெடுங்காலம் அதன்மூலம் பணம் செலுத்த முடிந்ததேயன்றிப் பெற முடியவில்லை. அயர்லாந்துச் சகோதரர் இருவர் 2010 ஆம் ஆண்டிலே தொடங்கிய ஸ்ட்ரைப் சேவையும் தான் ஏற்றுக்கொண்ட நாடுகளில் உள்ளோர்க்கு மட்டுமே கணக்குத் திறக்கின்றது. நாடுகளின் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறும். ஆதலின் வேறெதனையும் ஆராயுமுன் அன்றைய பட்டியலைப் பார்த்தல் வேண்டும்.

இத்தடையைக் கண்டதும், அயல்நாட்டில் வாழும் உறவினர் ஒருவரின் சொந்தக் கணக்கிலே பணத்தை வாங்கலாமே என ஓரன்பர் சொன்னார். அவரது நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் பொதுப் பணம் தனியொருவர் பெயரில் ஒரு நாளேனும் தங்குதல் தகாது. வரி கேட்போர்க்கு அவர் விடை கூறவேண்டும். அவர்க்கு ஏதும் நேரின் பணம் அவர்தம் உடைமையோடு கலந்துவிடும். ஆகவே இலண்டனிலுள்ள எம் கிளைச் சங்கம் தன் பெயரிலேயே கணக்குத் திறந்து, அங்குள்ளோர் பணத்தைப் பெற்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி வழியே அனுப்புவதென முடிவு செய்தோம்.

இனித் தரகின் கணக்கைப் பார்ப்போம். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. ஐக்கிய அமெரிக்காவிலே உள்நாட்டு அட்டைகளுக்கு ஸ்ட்ரைப் நெடுங்காலமாக வைத்துள்ள பொது வீதம் நூற்றுக்கு 2.9, அதனோடு ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் 30 சதம். 100 டொலர் கொடுப்பவரிடம் கழிவது 3 டொலர் 20 சதம். 5 டொலர் கொடுப்பவரிடம் கழிவது ஏறத்தாழ 45 சதம். அஃது அவர் கொடையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு. 1 டொலர் கொடுப்பவரிடமோ மூன்றிலொரு பங்கு போய்விடுகின்றது. எனவே வீதத்தை மட்டும் பார்த்து மலிவென்று கொள்ளலாகாது. நிலையாகக் கழியும் சதங்களே சிறு கொடையைத் தின்பன. சில சேவைகள் மாதக் கட்டணமும் கேட்கின்றன. மாதம் 3,000 ரூபா கட்டணம் எனக் கொள்வோம். அம்மாதத்திற் பன்னிருவர் 500 ரூபாவாகக் கொடுத்தால் வந்த 6,000 ரூபாவிற் பாதி சேவைக்கே போய்விடும்.

இவ்விடத்திலேதான் எம் சபையிற் பெரிய விவாதம் எழுந்தது. கொடையின் குறைந்த அளவை 5,000 ரூபா என வரையறுத்தால் தரகுத் தொல்லை தீரும் என்றனர் ஒரு சாரார். திருடிய கடனட்டை செல்லுபடியாகுமோ எனச் சோதிக்கும் கள்வர், தரும நிதித் தளங்களிலே மிகச் சிறிய தொகைகளைக் கட்டிப் பார்ப்பதுண்டு; அதனையும் இவ்வரையறை தடுக்கும் என்றனர். வாதம் வலியதே. ஆயின் எம் நிதிக்கு முதன்முதலிற் காசு தந்தவர், ஓய்வூதியத்தில் வாழும் எம் பழைய ஆசிரியர் ஒருவர். மாதந்தோறும் 500 ரூபா தருவார்; ஒரு மாதமும் தவறியதில்லை. அவர் வந்து பார்க்கும் பக்கத்திலே ‘5,000 ரூபாவுக்குக் குறைந்தது ஏற்கப்படமாட்டாது’ என எழுதிவைக்க எவர்க்கு மனம் வரும்? சேவையை அளக்கும் கோல் பெருங்கொடையாளர் அல்லர், மிகச் சிறிதாகக் கொடுப்பவரே என்னும் முடிவுக்கு அன்றே வந்தோம். கள்வரைத் தடுப்பதற்குத் தொலைபேசிக்கு ஒருமுறை எண் அனுப்பி உறுதிசெய்யும் ஏற்பாடு உண்டு. அதற்காக ஏழையின் கையைத் தடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது பாதுகாப்பு. அட்டை இலக்கத்தை எம் தளத்திலேயே எழுதச்செய்து வாங்கும் முறையும் உண்டு. சேவையின் சொந்தப் பக்கத்துக்குக் கொடுப்பவரை அனுப்பும் முறையும் உண்டு. முன்னது பார்வைக்கு அழகு. ஆயின் அட்டை நிறுவனங்கள் 2004 ஆம் ஆண்டிற் கூட்டாக வெளியிட்ட பாதுகாப்பு நியமத்தின் பெரும்பாரம் அப்போது எம் தலையில் விழும். அட்டையிலுள்ள இரகசிய எண்ணைக் கொடுப்பனவு அனுமதிக்கப்பட்ட பின் எவரும் சேமித்து வைத்தலாகாது என்பதும் அந்நியமத்தின் விதி. ஓய்வு நேரத்திலே தளத்தைப் பராமரிக்கும் எம்போன்றோர்க்குப் பின்னதே தக்கது. அட்டை இலக்கம் எம்மிடம் இல்லையேல் எம்மிடமிருந்து களவு போவதற்கும் இடமில்லை.

பணம் எத்தனை நாளில் வந்து சேரும், ஐயம் எழுந்தால் எவ்வளவு காலம் நிறுத்தி வைக்கப்படும் என்பவற்றையும் ஒப்பந்தத்திலே தேடி வாசித்தல் வேண்டும். ஒருமுறை சேவை நிறுவனமொன்று, சங்கத்தின் யாப்பையும் உத்தியோகத்தர் விபரத்தையும் மீண்டும் கேட்டு, எம் பணத்தை ஆறு வாரம் நிறுத்தி வைத்தது. அதற்கிடையில் இரு மாணவரின் விடுதிக் கட்டணத் தவணை வந்துவிட்டது. தனாதிகாரி தம் கையிலிருந்து கொடுத்து உதவினார். அன்றுமுதல் ஒரு தவணைக்குப் போதிய பணத்தை வங்கியில் எப்போதும் இருப்பில் வைத்துள்ளோம்.

உள்நாட்டார்க்காக, கொழும்பிலே இயங்கும் கொடுப்பனவுச் சேவைகளை ஒப்புநோக்கினோம். 2005 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே இலங்கை மத்திய வங்கி இத்துறையைக் கண்காணிக்கின்றது. அதன் அனுமதி உண்டா என்பதை முதலில் விசாரித்தோம். மாதக் கட்டணமின்றி வீதம் மட்டும் கேட்ட சேவையையே தெரிந்தோம். அதனோடு அட்டை இல்லாதோரையும் மறக்கவில்லை. வங்கிகளிடையே உடனுக்குடன் பணம் மாற்றும் முறை 2015 ஆம் ஆண்டில் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. ஆதலின் சங்கத்தின் வங்கிக் கணக்கிலக்கத்தைத் தளத்தின் முகப்பிலேயே அச்சிட்டோம். இவ்வழியே வரும் பணம் யாருடையது எனத் தெரியாமற் போவதுண்டு. அதற்கென ஒவ்வொருவர்க்கும் ஓரிலக்கம் கொடுத்துள்ளோம். எம் ஆசிரியர் அம்முறையிலேயே அனுப்புகின்றார். பற்றுச்சீட்டும் அவர்க்குத் தவறாது போகின்றது.

அயல்நாட்டு அன்பர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. மாதம் 5 டொலராகப் பன்னிரு முறை கொடுப்பின், மேற்கூறிய வீதப்படி 5 டொலர் 34 சதம் கழியும். 60 டொலரை ஒருமுறை கொடுப்பின் 2 டொலர் 4 சதமே கழியும். இயன்றவர் ஆண்டுக்கொருமுறை கொடுப்பாராக. இயலாதவர் இயன்றபோது இயன்றதைக் கொடுப்பாராக. அதற்கும் எம் தளத்திலே வழி திறந்தேயிருக்கும்.