தங்கவயலின் துப்பாக்கிப் படை

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் இறங்கினால் முதலில் கண்ணில் படுபவை சயனைடு மேடுகள். பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய கழிவு மண், குன்று குன்றாக நிற்கிறது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. கோலார் தங்கவயல் என்றால் தங்கம், அதற்காக 3 கி.மீ.க்கும் மேல் ஆழத்தில் இறங்கிய தொழிலாளர்கள் என்றுதான் பேச்சு. இந்த ஊரின் பெயரில் ஒரு காலாட்படையும் இருந்தது என்பது பலருக்குப் புதுச் செய்தி.

பட்டாளத்துக்கும் ஊருக்கும் உறவு பழையது. திப்பு வீழ்ந்த பிறகு மைசூரில் நில அளவைக்கு வந்த லெப்டினென்ட் ஜான் வாரன், 1802-ல் உரிகம் பகுதிக் கிராமத்தார் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். பல ஆண்டுகள் கழித்து அதைப் படித்த மைக்கேல் லவெல், நியூசிலாந்தில் மாவோரிகளுடன் போரிட்டுவிட்டு பெங்களூரில் குடியேறிய ஐரிஷ் சிப்பாய். 1875-ல் சுரங்க உரிமம் பெற்றார். கையில் பணம் போதவில்லை. உரிமை கைமாறி, 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் நுழைந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்த ஜோலி டி லோட்பினியரும் ராணுவப் பொறியாளர்தான்.

மறு ஆண்டே கோலார் தங்கவயல் வாலண்டியர் ரைஃபிள் படை உருவானது. 1857 கிளர்ச்சி தந்த பயத்தில் ரயில்வே, தோட்டங்கள் என்று வெள்ளையர் கூடிய இடமெல்லாம் இப்படிப் படைகள் முளைத்திருந்தன. வேலை நேரம் போக பயிற்சி. மற்றபடி அவரவர் உத்தியோகம். முதல் உலகப் போரின்போது, 1917-ல் இது இந்தியப் பாதுகாப்புப் படையில் சேர்க்கப்பட்டது. வாலண்டியர் என்ற சொல்லுக்கு அப்போது அர்த்தமில்லை. இந்தியாவில் வாழ்ந்த வெள்ளையருக்குச் சேவை கட்டாயமாகியிருந்தது. 1920-ல் துணைப்படைச் சட்டம் வந்ததும் ‘கோலார் கோல்டு ஃபீல்டு பட்டாலியன்’ ஆயிற்று. இளைஞர்கள் முன்னணிப் பிரிவில். முப்பதைக் கடந்தவர்கள் முதல் ரிசர்வில். நாற்பதுக்கு மேல் இரண்டாம் ரிசர்வில். வேலை, உள்ளூர்க் காவல்.

யாரிடமிருந்து காவல்? சட்டப்படி இதில் சேரக்கூடியவர்கள் ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் மட்டுமே. சுரங்கத்தில் இறங்கியவர்களோ பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த தலித் மக்கள். இந்தியர்களுக்கென்று அதே ஆண்டில் தனிப் பிராந்தியப் படை ஏற்படுத்தப்பட்டது. ஆனால் தங்கவயலின் பெயர் தாங்கிய படையில் தங்கவயலின் பெரும்பான்மைக்கு இடமில்லை.

இவர்கள் ஆயுதம் அறியாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. பழைய மதராஸ் படையில் பறையர் சமூக வீரர்கள் கணிசமாக இருந்தார்கள். வட இந்தியர்களே போருக்கு லாயக்கு என்ற ‘போர்க்குல’க் கோட்பாடு 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஓங்க, அந்தக் கதவு மெல்ல மூடியது. 1928-க்குள் மதராஸ் காலாட்படை பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. 1930-ல் தங்கவயலில் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முயன்றது. மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. நிலத்தடியில் உயிரைப் பணயம் வைப்பவரைக் குற்றவாளிபோல நடத்தினால் வேறென்ன நடக்கும்?

இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் கோட்பாடு மறந்துபோயிற்று. மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உயிர்பெற்றது. சுதந்திரத்தோடு துணைப்படை கலைந்தது. 1949-ல் வந்த பிரதேச ராணுவத்தில் சேர இனம் தடையாக இல்லை. தங்கவயலுக்கு ராணுவத்துடன் மறுபடி ஒரு தொடர்பு கிடைத்தது தொழிற்சாலை வழியாக. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் 1964-ல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனம் இங்கே ஆலை அமைத்தது. சுரங்கம் மூடிய பிறகும் அது ஓடுகிறது.