அண்ணாச்சியின் கேள்வி

பள்ளுருத்தி பஸ் நிறுத்தத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவரும் இரண்டடி தள்ளிப் போய்விடுகிறார். இந்தக் கூச்சம் தானாக வந்ததல்ல. காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலை 12 அன்று, பொது இடத்தில் புகைபிடிப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அமர்வில் இருந்தவர்கள் நம் தேவகோட்டைக்காரரான ஏ.ஆர். லட்சுமணன், கே. நாராயண குரூப் என்ற இரு நீதிபதிகள். பிறர் விடும் புகையை மூச்சில் வாங்கிக்கொள்ளும்படி ஒருவரை ஆக்குவது அவருடைய உயிர்வாழும் உரிமையில் கைவைப்பது என்று அவர்கள் பார்த்தார்கள். 2001இல் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் வந்தது.

புகை என்றதும் நமக்கு நுரையீரல்தான் நினைவுக்கு வருகிறது. இதயத் தமனியின் உட்சுவரை அது புண்ணாக்குவதையும், ரத்தம் எளிதில் உறைந்து கட்டியாகும்படி செய்வதையும் யாரும் அதிகம் பேசுவதில்லை. கொட்டாரக்கரையில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. புகைபிடிப்பவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது அது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, தொப்பை, மன உளைச்சல், காய்கறி பழம் குறைந்த சாப்பாடு, உடல் அசையாத வாழ்க்கை என்று மற்றவையும் அதன் பட்டியலில் உண்டு. அவற்றில் பல தனி மனிதரின் மனவுறுதியை மட்டும் நம்பி நிற்பவையல்ல என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மட்டாஞ்சேரி பாண்டிகசாலைகளுக்குச் சரக்கு லாரி ஓட்டுபவர். ஸ்டென்ட் வைத்த பிறகு பீடியை விட்டார், கருவாட்டையும் ஊறுகாயையும் ஒதுக்கினார். "எல்லாத்தையும் விட்டாச்சு தம்பி. உக்காந்து ஓட்டுற வேலைய எப்படி விட?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வியின் பின்னால் ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களை ஒப்பிட்டு 1953இல் எழுதினார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வண்டி ஒன்று, ஊர் ஒன்று, வேலைதான் வேறு.

அண்ணாச்சியிடம் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி அனுப்பினார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் எங்கே நடப்பது? தோப்பும்படியிலிருந்து இங்கே வரும் சாலையில், நான் நடந்து பார்த்தவரை, நடைபாதை பல இடங்களில் கடைப்பலகைக்கும் நிறுத்திய பைக்குகளுக்கும் அடியில் போய்விடுகிறது. மழைக்காலத்தில் மூடியில்லாத ஓடை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அறுபது வயதில், ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு ஒருவர் அங்கே இறங்கி நடப்பாரா?

பீடி விஷயத்தில் ஊர் மாறியது. முதலில் சட்டம் மாறியது, பிறகு பக்கத்தில் நிற்பவரின் பார்வை மாறியது. நடப்பதையும் அப்படி உரிமையாக எடுத்துக்கொண்டு, அண்ணாச்சிக்காக மாநகராட்சியிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஓடைகளுக்கு மூடி போடுங்கள்.