எண்ணெய் ஒதுங்கும் இடம்

மில்லிக்கனில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் நாங்கள் மூவர் இருக்கிறோம். இரவில் உணவகங்களில் கோப்பை கழுவுகிறோம், றொட்டி வீசுகிறோம். ஸ்டீல்ஸ் வீதிக்கு அந்தப் பெயர் ஒரு குடும்பத்தால் வந்ததாம், உருக்கால் அல்ல. ஆனாலும் விடியும்வரை எங்கள் கைகள் உருக்கில்தான் கிடக்கின்றன. தொட்டி, மேசை, தட்டம், எல்லாம் எவர்சில்வர்.

எங்களில் ஒருவர் பகலில் அந்தத் தட்டங்களை அச்சில் அழுத்தி எடுக்கும் தொழிற்சாலை ஒன்றிலும் நின்றார். 2008இல் பேராதனைப் பொறியியற் பீடத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்தவர். ஒருநாள் தட்டங்களின் மூலைகள் கிழியத் தொடங்கின. எண்ணெய் ஒழுங்காகப் பூசவில்லை என்று பழி அவர்மேல் விழுந்தது.

அவர் பூசித்தான் இருந்தார். மாறியது தகடு. முன்பு வந்தது 2பி எனப்படும் மங்கலான சாம்பல்நிறத் தகடு. புதிதாக வந்தது முகம் பார்க்கலாம் போல மினுங்கும் பிஏ. 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல் கொண்ட அதே உருக்குத்தான், தோல்தான் வேறு. மங்கல் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு, ஆழம் ஒரு மைக்ரோனிலும் குறைவு. அச்சு அழுத்தும்போது எண்ணெய் அவற்றில் ஒதுங்கி நின்று, உரசும் இடத்துக்குக் கசியும். மினுங்கும் தகட்டில் அதற்கு ஒதுங்க இடமில்லை, வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு உருக்கின் மேலுள்ள மெல்லிய ஒட்சைட் படலம் கிழிந்து, துணுக்குகள் அச்சில் ஒட்டி, அடுத்தடுத்த தகடுகளைக் கீறும். பிடிபட்ட தகடு மூலைக்குள் வழுக்கி இறங்காது. இருந்த இடத்திலேயே இழுபட்டு, மெலிந்து, கிழியும். சொரசொரப்பு மிஞ்சினாலும் ஆபத்துத்தான். தடித்த எண்ணெய்க்கு மாற்றிப் பார்த்திருக்கலாம்.

இதைத் தனக்குத் தெரிந்த இங்கிலிசில் அவர் மேற்பார்வையாளருக்குச் சொன்னார். "நீ என்ன எஞ்சினியரோ?" என்று கேட்டாராம். பட்டம் இல்லைத்தான். அந்தக் கிழமையோடு வேலையும் இல்லை.

அன்றிரவும் உணவகத்துக்கு வந்தார். "எண்ணெய் விட்டு இழும் தம்பி, இல்லாட்டிக் கிழியும்" என்றார் றொட்டி மாஸ்ரர், வழக்கம்போல. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மா உருண்டை எண்ணெயில் வழுக்கி, கீழே மேசை தெரியுமளவுக்கு விரிந்தது. எண்ணெய் படாத ஒரு மூலை ஒட்டிக் கிழிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் அதைத் திரும்ப உருட்டி எண்ணெய்த் தட்டத்துக்குள் போட்டார்.