பின்பற்றலும் தன்வழியும்

ஓவியம் கைப்பழக்கத்தால் அமைவது என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த உண்மை. பழக்கமோ ஒன்றைப் பார்த்து அதைப்போலச் செய்வதில் தொடங்குகிறது. ஆசிரியர் மணலில் எழுதிய எழுத்தின்மேல் விரலை ஓட்டித்தான் ஒரு காலத்தில் குழந்தைகள் எழுதக் கற்றனர். அவ்வாறிருக்க, ஓவிய வகுப்பில் மாணவன் ஒருவன் பிறர் படத்தைப் பார்த்து வரைந்தால் மட்டும், “சொந்தமாக வரையத் தெரியாதா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பார்த்து வரைதல் குற்றமா, கல்வியா? இவ்வினாவிற்குச் சீன ஓவியர் சி பாய்ஷியின் வாழ்க்கை தக்கதொரு விடையைத் தருகிறது.

ஹூனான் மாநிலத்தில், 1864ஆம் ஆண்டில், ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர் பாய்ஷி. அவர் பள்ளியில் பயின்ற காலம் ஓராண்டினும் குறைவு. அச்சிறு காலத்திலேயே படம் வரையும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. ஒரு வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டிருந்த இடித்தேவன் படத்தைப் பார்த்து வரைய முயன்றார். உருவம் சரிவர அமையவில்லை. பின்னர் முக்காலியின்மேல் ஏறி நின்று, மெல்லிய தாளை அப்படத்தின்மேல் வைத்துக் கோடுகளை ஒற்றி எடுத்தார். இம்முறை உருவம் அமைந்தது. அவருடைய முதல் ஓவியப் பாடம் அதுவே எனலாம்.

உடல் மெலிந்த அச்சிறுவனால் வயல் வேலை செய்ய இயலவில்லை. ஆதலின் தச்சுத் தொழிலுக்கு அனுப்பப்பட்டு, மரத்தில் பூவேலை செதுக்குவதில் தேர்ச்சி பெற்றார். 1882ஆம் ஆண்டளவில், வேலைக்குச் சென்ற வீடொன்றில் ‘கடுகு விதைத் தோட்ட ஓவிய நூல்’ அவர் பார்வையில் பட்டது. 1679இல் முதற்பகுதி வெளிவந்த அந்நூல், பண்டை ஓவியர்கள் மரத்தையும் இலையையும் பாறையையும் தீட்டிய முறைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டி, படிப்படியாகக் கற்பிப்பது. பாய்ஷி அதனை இரவலாகப் பெற்றார். பகலெல்லாம் உளி பிடித்த கையால், இரவில் விளக்கொளியில், ஒவ்வொரு பக்கமாக ஒற்றி எடுத்தார். அரையாண்டுக் காலம் உழைத்து, அப்படிகளை 16 தொகுதிகளாகக் கட்டி வைத்துக்கொண்டார்.

இவ்வுழைப்பு அவரை வெறும் நகலாளர் ஆக்கிவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த ஒருசில உருவங்களையே முன்னர்ச் செதுக்கி வந்தவர், நூலில் கற்ற பூக்களையும் பறவைகளையும் புதிய முறையில் இணைத்துச் செதுக்கலானார். பலரைப் பின்பற்றியதால் அவர் கை கட்டுண்ணவில்லை, கட்டவிழ்ந்தது.

ஆயினும், பின்பற்றுதற்கும் ஓர் எல்லை உண்டு. பிற்காலத்தில், பதினேழாம் நூற்றாண்டு ஓவியரான பாடா ஷான்ரென் பாய்ஷியின் உள்ளத்தை முழுமையாக ஆட்கொண்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் அத்தகைய பெருமக்களுக்கு மை அரைத்துக் கொடுக்கும் பேறாவது கிட்டியிருக்குமே என்று அவர் ஏங்கியதுண்டு. ஊரில் கொள்ளையர் தொல்லை மிகவே, 1919இல் பெய்ஜிங் நகரில் குடியேறி, பாடாவின் முறையில் தீட்டிய படங்களை விற்க முற்பட்டார். பிறர் கேட்ட விலையில் பாதியே கேட்டும் வாங்குவார் அரியராயினர். நண்பரும் ஓவியருமான சென் ஷிசெங், தமக்கென ஒரு வழியை வகுத்துக்கொள்ளுமாறு அவருக்கு அறிவுரை கூறினார்.

வயதோ ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டது. குடும்பத்தைக் காக்கும் பொறுப்பும் தோள்மீது இருந்தது. அந்நிலையில், உயிரினும் மேலாகப் போற்றிய ஓவியரின் முறையைக் கைவிடுவது எளிதா? பாய்ஷி துணிந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் தம் முறையை மாற்றி மாற்றி முயன்றார். 1922இல் சென் ஷிசெங் அவருடைய படங்களைத் தோக்கியோவிற்குக் கொண்டு சென்றார். அங்கே அவை அனைத்தும் நல்ல விலைக்கு விற்றன. அதன் பின்னரே பெய்ஜிங் மக்களும் அவரைத் தேடி வந்தனர்.

அவர் தீட்டிய இறால்கள் இம்மாற்றத்திற்குச் சான்று. தொடக்கத்தில் முன்னோர் தீட்டிய இறால்களைப் பார்த்தே வரைந்தார். பிறகு உயிருள்ள இறால்களை நீர்க்கலத்தில் விட்டு, அவற்றின் அசைவை நாள்தோறும் நோக்கினார். உள்ளதை உள்ளவாறே தீட்டுவதோடும் அவர் நின்றுவிடவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, இறாலின் கால்களைப் படத்தில் குறைத்துக்கொண்டே வந்தார். கால்கள் குறைந்தன, உயிர்ப்பு மிகுந்தது. நூலைப் பார்த்தல், இயற்கையைப் பார்த்தல், இறுதியில் வேண்டாதன விடுத்தல் என மூன்று படிகளையும் இங்கே காணலாம். முதற்படியில் காலூன்றாதவர் மூன்றாம் படியை எட்டுவது அரிது.

1957இல் மறைந்த அப்பெருமகனார் தம் மாணாக்கருக்கு விடுத்த எச்சரிக்கை ஒன்று புகழ்பெற்றது. தம்மிடம் கற்பவர் வாழ்வர், தம்மைப் போலவே ஆகிவிடுபவர் அழிவர் என்பது அதன் கருத்து. ஒற்றி எழுதி வளர்ந்தவரே இதைச் சொன்னார் என்பதுதான் இதன் சிறப்பு.

ஆசிரியர்கள் இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. பிறர் படத்தைப் பார்த்து வரையும் மாணவனைத் தடுக்க வேண்டுவதில்லை. அந்த ஓவியரின் பெயரைப் படத்தின் கீழ் நேர்மையாக எழுதப் பழக்கினாற் போதும். பின்னர் வேறோர் ஓவியரின் படத்தைக் காட்டலாம்; அதன்பின் மேசைமேல் ஓர் உண்மையான இலையை வைக்கலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று மாறுபடுவதை அவன் கண்டுகொள்ளும் நாளில், நான்காவதாக ஒன்றை அவனே தீட்டுவான். அது கோணலாக இருப்பினும், அன்று அந்தக் கோணலைத் திருத்தாமல் விடுவதே நல்லாசிரியரின் கடமை.